தோணிச் சிற்றுரு

தோணிச் சிற்றுரு என்பது தூத்துக்குடிக் கரையின் சரக்குத் தோணியை அளவு குறைத்து மரத்தில் கட்டி, கடலும் வெயிலும் சரக்கும் அதன் உடலில் விட்ட தடங்களையும் சேர்த்துக் காட்டும் கைவினை. கட்டும் முறை கப்பல் மாதிரிக் கலையைச் சேர்ந்தது. பழமையேற்றும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் ரயில் மாதிரி செய்பவர்களும் உண்டு. தூத்துக்குடித் தோணிக்கு இந்த இரண்டும் தேவைப்படுகின்றன. புத்தம் புதிதாகப் பளபளக்கும் தோணி என்பது கரையிலிருந்து நீரில் இறக்கும் அன்று மட்டுமே உண்டு. மற்ற நாளெல்லாம் அது உழைத்துத் தேய்ந்த உருவில்தான் இருக்கும்.

தூத்துக்குடி நங்கூரத் துறையில் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்க, கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துப் போனவையும் அவையே. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பின்னும் பழைய துறைமுகம் தோணிகளுக்கே உரியதாக நீடித்தது. பாய்மரத்தின் வேலையை இப்போது எஞ்சின் செய்கிறது. அதே கடற்கரையில் முத்துக் குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. குளிப்புப் பருவங்களில் முத்துப் படுகைகளான பார்களுக்குப் போன வள்ளங்களும் தோணிகளும் இன்று படங்களிலும் முதியவர்களின் நினைவிலும் மட்டுமே உள்ளன. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ (2009) நாவல் தோணித் தொழிலின் வாழ்வை விரிவாகப் பேசுகிறது. தோணியின் மேல்தளத்தில் எந்தப் பொருள் எங்கே கிடக்கும், யார் எங்கே நிற்பார் என்று அறிய விரும்பும் சிற்றுருக் கலைஞர் அதை அவசியம் படிக்க வேண்டும்.

சிற்றுரு முக்கியமாவதற்கு வலுவான காரணம் உண்டு. மரக்கலம் கட்டும் தச்சர்களான ஓடாவிகள் தோணியைத் தாளில் வரைந்து கட்டுவதில்லை. அளவு அவர்கள் கையிலும் கணக்கிலும் இருக்கிறது. ஒரு தோணி உடைபட்டால் அதன் வடிவத்தைத் திரும்பப் பெற வழியில்லை. இக்கலங்களைத் தாளில் பதிவு செய்தவர்களில் ஒருவர் திருகோணமலைக் கப்பல் தளத்தில் பணியாற்றிய ஜான் எடை (John Edye). 1834இல் வெளியான தம் கட்டுரையில் சோழமண்டலக் கரைத் தோணிக்கு அவர் தரும் அளவு: நீளம் ஏறத்தாழ 70 அடி, அகலம் 20 அடி. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஃபிரான்சுவா எட்மோன் பாரி, 1841 முதல் 1843 வரை வெளிவந்த தம் பெருநூலில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மரக்கலங்களை அளந்து வரைந்தார். பிறகு பாரிஸ் கடல் அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்று அவ்வரைபடங்களிலிருந்து மாதிரிகளும் செய்வித்தார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றி 1920இல் எழுதினார். லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மக்ரேல் மூவரும் தமிழ்நாட்டின் வத்தை என்னும் மீன்பிடிப் படகுகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரை, இக்கரையில் சட்டகத்தை முதலில் நிறுத்திப் பிறகு பலகை அடிக்கும் மரபு இருப்பதைக் காட்டியது. சிற்றுரு செய்பவருக்கு இந்தக் கடைசிச் செய்தி நேரடியாகப் பயன்படுகிறது. ஒரே கட்டையைக் குடைந்து தோணி செய்தால் வெளித்தோற்றம் ஒத்திருக்கலாம். கட்டிய முறை பொய்யாகிவிடும்.

பெட்டியும் மரமும்

அமெரிக்க ரயில் மாதிரி உலகில் ‘கிராஃப்ட்ஸ்மேன் கிட்’ என்று ஒரு பெட்டி வகை உண்டு. வெட்டி முடித்த பாகங்கள் அதில் இரா. மெல்லிய மரக்கீற்றுகள், முழு அளவு வரைபடம், சில உலோக வார்ப்புகள், நீண்ட குறிப்பு ஆகியவை மட்டுமே இருக்கும். ஒவ்வொரு பலகையையும் வாங்கியவரே அளந்து அறுக்க வேண்டும். 1967இல் ஜார்ஜ் செல்லியோஸ் தொடங்கிய ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் இவ்வகையில் பெயர்பெற்றது. மரக் கிடங்கு, படகுத்துறை, பட்டறை போன்ற சிறு கட்டடங்களே இப்பெட்டிகளின் வழக்கமான பொருள். சங்குக் கிடங்கையோ உப்பளக் கொட்டகையையோ இம்முறையில் அப்படியே கட்டலாம். தோணிக்கு வேண்டிய மாற்றம் வளைவு ஒன்றுதான்.

அளவு விகிதம் 1:48 என்றால் ஜான் எடை சொன்ன 70 அடித் தோணி 44.5 செ.மீ. நீளமும் 12.7 செ.மீ. அகலமும் பெறும். 1:87இல் நீளம் 24.5 செ.மீ. ஆகச் சுருங்கும், அதில் ஆணித்தலைகளைக் காட்ட முயலக் கூடாது. 1:48இல் இரண்டங்குலப் பலகை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்.

உண்மைத் தோணியில் தேக்கு இருக்கிறதே என்று சிற்றுருவிலும் தேக்கைப் போடுவது சரியல்ல. தேக்கின் துளைகளும் இழைகளும் குறுகுவதில்லை. மாதிரியில் அவை விரல் நுழையும் பள்ளங்களாகத் தெரியும். பெட்டிகளில் வரும் பாஸ்வுட், நம்மூரில் கடைசலுக்கு உகந்த மஞ்சக்கடம்பு, வெட்பாலை போன்ற நுண்ணிழை மரங்களே பொருத்தம். கீற்றில் கணு இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும்: ஒரு மில்லிமீட்டர்க் கணு 1:48இல் ஐந்து சென்டிமீட்டர்க் கணு.

முதலில் தோணியின் அடித்தண்டாகிய ஏராவை வரைபடத்தின்மேல் நேராக ஊன்றி, அணியம் எனப்படும் முன்புறத்தில் முன்மரத்தையும் பின்புறத்தில் பின்மரத்தையும் பொருத்துவர். பிறகு சட்டகத்தின் விலா மரங்களான வங்குகள் நிற்கும். ஓடாவி வங்குக்கு இயல்பாகவே வளைந்த கருவேலக் கிளையைத் தேடுவார். சிற்றுருவில் மூன்று மெல்லிய கீற்றுகளை அச்சின்மேல் வளைத்து ஒட்டினால் இழை உடையாது. பலகையை இரு பக்கமும் மாறிமாறி ஏற்ற வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் ஏரா கோணிக்கொள்ளும்.

பழமையேற்றுதல்

சிற்றுருவின் உயிர் இதில் இருக்கிறது, கெடுவதும் இதில்தான். பழுப்பையும் துருவையும் எங்கும் தூவினால் தோணி அழுக்காகத் தெரியுமே தவிர வயதானதாகத் தெரியாது. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அறிந்தே தூரிகையை எடுக்க வேண்டும்.

மரம் சாம்பல் நிறமாவது வெயிலால். புறஊதா ஒளி மரத்தின் லிக்னினைச் சிதைக்கிறது. மழையும் அலைத்தெறிப்பும் அதைக் கழுவ, வெளிறிய செல்லுலோஸ் இழை மிஞ்சுகிறது. எனவே சாம்பல் மேல்தளத்திலும் விளிம்பிலும் அதிகம். சரக்கறைக்குள் மரம் பழைய நிறத்திலேயே இருக்கும். இதற்கு எளிய வழி, அரை லிட்டர் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி இந்தியன் இங்க் கலந்து கீற்றுகளில் பூசுவது. ஆல்கஹால் விரைவாக உலர்வதால் நீர்க் கலவையைப் போல மரத்தை முறுக்காது. கம்பித் தூரிகையால் இழைப்போக்கில் கீறிவிட்டுப் பூசினால் மை பள்ளத்தில் தங்கும். ஒட்டுவதற்கு முன்பே, இரு புறமும் பூச வேண்டும். ஃபெவிகால் பட்ட இடத்தில் மை ஏறாது. வெள்ளைத் திட்டுகளாக நிற்கும்.

ஆணியைச் சுற்றி வரும் கருமை வேறு வகை. மரத்தின் துவர்ப்புப் பொருளும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து கருநீலமாகின்றன. சிற்றுருவிலும் அதே வேதிவினையை நடத்தலாம்: கடுக்காய் ஊறிய நீரை மரத்தில் தடவிக் காயவிட்டு, இரும்புக் கம்பித்தூளை வினிகரில் ஊறவைத்த நீரை ஊசி முனையால் ஆணிப் புள்ளியில் வைத்தால் கருமை தானே படரும். கலம்காரித் துணியில் கருங்கோடு பிறப்பதும் இவ்வாறே. வண்ணப் பூச்சால் இந்த ஆழத்தைக் கொண்டுவர முடியாது. இது நீர் வழி முறையாகையால் மரம் சற்றுச் சிலிர்க்கும். பலகையை அறுக்குமுன் ஒரு துண்டில் சோதித்துக்கொள்வது நல்லது.

நீர்க்கோட்டில் பலரும் தவறுகிறார்கள். தூத்துக்குடியில் கடல் ஏற்றஇறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே சிற்றுருவோடு சேர்த்துச் செய்யும் படகுத்துறைத் தூணில் பாசிப் பட்டை ஒடுக்கமாகவே இருக்க வேண்டும். தோணியோ நீரோடு ஏறி இறங்குவது. அதன் நீர்க்கோட்டை மாற்றுவது சரக்கு. வெறுந்தோணி மிதக்கும் கோட்டுக்கும் நிறைசுமைக் கோட்டுக்கும் இடையிலான அகலமான பட்டையே பாசியும் உப்பும் மாறிமாறிப் படியும் இடம். அதற்குக் கீழே மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவைத் தடுக்க எண்ணெயில் குழைத்துப் பூசும் சுண்ணாம்பின் வெண்மை வரும். அப்புழுவின் துளைகளை மட்டும் காட்ட வேண்டாம். உண்மையிலேயே சிறிய அவை இந்த அளவில் கண்ணுக்குத் தெரியா.

உரிந்த வண்ணத்துக்குத் தூத்துக்குடிக் கல்லுப்பே போதும். அடிமர நிறத்தின்மேல் ஈரம் தடவி, பொடித்த உப்பைத் தூவி, உலர்ந்ததும் மேல்வண்ணம் அடித்து, பின் உப்பைத் தேய்த்து எடுத்தால் ஒழுங்கற்ற உரிவுகள் கிடைக்கும். பலகை இடுக்குகளில் நீர் புகாதபடி திணிக்கும் கலப்பற்றுப் பஞ்சின் கோடு கருமையாகத் தெரிய வேண்டும். அதை மெல்லிய பருத்தி நூலால் செய்யலாம். சரக்கறை வாயைச் சுற்றிச் சிமெண்ட் தூசு, பாயின் மடிப்புகளில் ஈரப் பழுப்பு, கயிறு உரசும் இடத்தில் மழுமழுப்பு ஆகியவை அந்தத் தோணி எதை ஏற்றியது, எப்படி இயங்கியது என்பதைச் சொல்லும். எந்தச் சரக்கு என்று முடிவு செய்யாமல் தூசு பூசக் கூடாது.

முடித்த சிற்றுருவைக் கடற்கரை வீட்டில் திறந்து வைத்தால் உப்புக் காற்று இரும்புக் கறையைத் தொடர்ந்து வளர்க்கும். வினிகர் இட்ட இடங்களைச் சமையல் சோடா நீரால் துடைத்து அமிலத்தை நீக்கி, நன்கு உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையுடன் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது வழக்கம். வார்னிஷ் தேவையில்லை, அதன் பளபளப்பு வெயில் வெளிறலை அழித்துவிடும். பீடத்தில் அளவு விகிதம், எந்தத் தோணியை அல்லது வரைபடத்தைப் பின்பற்றியது, எந்தப் பகுதிகள் ஊகம் ஆகிய மூன்றையும் பொறிக்க வேண்டும்.