பிறந்த வீட்டுச் சீர்

தை பிறக்குமுன்பே அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் பேருந்துகளில் கரும்புக் கட்டுகளும் பித்தளைப் பானைகளும் ஏறத் தொடங்கிவிடும். மணமாகிச் சென்ற மகளுக்குத் தந்தையும், அவருக்குப் பின் அண்ணன் தம்பியரும் கொண்டுசெல்லும் பொங்கல்படி அது. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, தேங்காய், புடவை. தலைப்பொங்கலாயின் பானையும் சேரும். நம் கிறிஸ்தவக் குடும்பங்களும் இதில் பின்தங்குவதில்லை.

இது மானாவாரிக் கரிசல் மண். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியில் ஊன்றிய பருத்தியும் மிளகாயும் தையில் இன்னும் காட்டிலேயே நிற்கும். கையில் காசு புரள மாசி, பங்குனி ஆகும். அந்த நெருக்கடியில்தான் சீர் போக வேண்டும். கம்பும் சோளமும் அன்றாட உணவாயிருந்த தலைமுறையில் நெல்லரிசி விருந்துக்குரியது. தாம் கூழ் குடித்து, மகளுக்கு அரிசி சுமந்தவர்களின் பாசத்தை எளிதாய் எடைபோட்டுவிட முடியாது.

மணிப்பூரின் மெய்தெய் மக்களிடமும் இத்தகைய விழா உண்டு. ‘நிங்கோல் சாக்கௌபா’ என்பர். மகளை உணவுக்கு அழைத்தல் என்பது பொருள். ஆதியில் சகோதரியே சகோதரனை அழைத்து விருந்திட்டாளாம். 19ஆம் நூற்றாண்டில் ஆண்ட மன்னர் சந்திரகீர்த்தி, சகோதரியர் பலரின் இல்லங்களுக்கும் ஒரே நாளில் செல்ல இயலாமல், அவர்களைத் தம் அரண்மனைக்கு அழைக்க, வழக்கம் மாறிற்று என்பது மரபு. அங்கே மகள் பிறந்தகம் வருகிறாள்; இங்கே பிறந்தகம் மகளைத் தேடிச் செல்கிறது.

ஆனால் நம் சீருக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘அவளுக்குத்தான் காலமெல்லாம் செய்கிறோமே’ என்பதே, நிலத்தில் அவளுக்குப் பங்கில்லை என்பதற்கு நாம் சொல்லிவந்த நியாயம். இந்துப் பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்களித்த 1989ஆம் ஆண்டுத் தமிழகத் திருத்தமும், அதற்குமுன் மணமானவர்களை விலக்கியே வைத்தது. 2005இல் மத்திய சட்டம்தான் அந்த விலக்கை நீக்கியது. நம் நிலையோ வேறு. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவியின் மூன்றிலொரு பங்கு போக, எஞ்சியது மகனுக்கும் மகளுக்கும் சமம். சட்டத்தில் இருந்தது வீட்டில் இருந்ததா? பாகப்பிரிவினை வரும்போது சகோதரியரை அழைத்துவந்து விடுதலைப் பத்திரத்தில் ஒப்பம் வாங்குவதை நம் பங்குகளில் யார் அறியார்?

காலேபின் மகள் அக்சாவை நினைக்கிறேன். மணமாகிச் சென்றவள் தந்தையிடம் வந்து, எனக்கு வறண்ட நிலத்தைத் தந்தீரே, நீரூற்றுகளையும் தாரும் என்று கேட்டாள். காலேபு மேல் ஊற்றையும் கீழ் ஊற்றையும் கொடுத்தார். யோசுவா நூல் இதை வெகு சாதாரணமாகச் சொல்லிச் செல்கிறது.

திருச்சுழிப் பக்கத்தில் ஒரு மூதாட்டியிடம், ஏன் ஒப்பமிட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “பங்கு கேட்டா, நாளைக்கு எனக்குன்னு போக ஒரு வாசப்படி இருக்குமா சாமி?” என்றார். அவ்வாண்டு மழை பொய்த்திருந்தது. ஆயினும் பொங்கல்படி தவறவில்லை. அண்ணன் வட்டிக்கு வாங்கித்தான் கொண்டுவந்தார் என்று அவரே சொன்னார்.