லூதுன் நகரத்துக் கன்னியர் மடம்

பிரான்சு தேசத்தின் மேற்கே, புவாத்தூ மாகாணத்தில், மதிலும் கோட்டையுமாகத் தலைநிமிர்ந்து நின்ற லூதுன் என்னும் சிறு நகரம், 1632-ஆம் ஆண்டுக் கோடையில் கொள்ளைநோய்க்குத் தன் ஜனங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைப் பறிகொடுத்தது. நோயின் பயம் மக்கள் மனத்தை விட்டு அகலுமுன், செப்டம்பர் மாதத்து இரவொன்றில், அந்நகரத்து உர்சுலைன் சபைக் கன்னியாஸ்திரீகள் சிலர், அண்மையில் காலஞ்சென்ற தங்கள் ஞானகுருவின் உருவம் மடத்தின் இருளில் நடமாடக் கண்டதாகச் சொன்னார்கள். சில நாட்களில் அந்த உருவம் மாறியது. செத்துப்போன குருவின் இடத்தில் உயிரோடிருந்த குரு ஒருவருடைய முகம் தோன்றலாயிற்று; அவர் பெயர் உர்பேன் கிராந்தியே.

அந்த மனிதரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சேசுசபையாரிடம் கல்வி பயின்று, 1617 முதல் லூதுனில் அர்ச். இராயப்பர் கோவிலின் பங்குக்குருவாக இருந்த கிராந்தியே, அழகர், சொல்வல்லவர், பிறரை மதியாத அகந்தை உடையவர். பிரம்மசரிய விரதத்தை அவர் காத்தவரல்லர். அரசாங்க வழக்கறிஞர் திரேன்கானின் மகள் அவரால் கர்ப்பமுற்றாள் என்று ஊர் முழுவதும் நம்பியது. குருமார் மணம்புரிதல் குற்றமாகாது என்று அவர் எழுதி வைத்திருந்த நூலொன்று பின்னர் அவர் வீட்டில் அகப்பட்டது. 1618-இல், ஊர்வலம் ஒன்றில் முன்னே நடக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கில், அப்போது செல்வாக்கிழந்து நாட்டுப்புறத்தில் ஒதுங்கியிருந்த ரிஷெல்யூ என்னும் மேற்றிராணியாரைப் பின்தள்ளித் தாம் முன்னே நடந்தார். அந்த ரிஷெல்யூ பிற்காலத்தில் கர்தினாலாகவும் பிரான்சின் முதல் மந்திரியாகவும் உயர்ந்தார். 1630-இல் புவாத்தியே மேற்றிராணியார் ஒழுக்கக்கேட்டுக்காகக் கிராந்தியேயைத் தண்டித்தார். மறு ஆண்டே போர்தோ அதிமேற்றிராணியார் சூர்தியின் ஆதரவால் அவர் விடுதலை பெற்று, வெற்றிவீரரைப் போல ஊர் திரும்பினார். பகைவர்களைச் சமாதானப்படுத்தும் குணம் அவரிடம் இருக்கவில்லை. இத்தனையும் உண்மையே, ஆயினும் இவற்றுள் எதுவும் ஒரு மனிதனை உயிரோடு கொளுத்துவதற்குரிய குற்றமன்று.

உர்சுலைன் மடம் 1626-இல் லூதுனில் ஏற்பட்டது. சீதனம் கொடுத்து மணம் முடிக்க இயலாத குடும்பங்கள் தங்கள் பெண்களை இத்தகைய மடங்களில் சேர்ப்பது அக்காலத்து வழக்கம். ஊர்ச் சிறுமிகளுக்கு எழுத்தும் ஜெபமும் கற்பித்து ஜீவித்த பதினேழு பேர் அங்கே இருந்தனர். மடத்துத் தலைவி, சிறுவயதிலேயே முதுகு வளைந்துபோன, முப்பது வயதுப் பெண்மணி. மடத்தில் அவர் பெயர் ழான் தெஸான்ழ். மடத்தின் ஞானகுருவாக இருக்கும்படி கிராந்தியேயை அவர் அழைத்தார். தாம் ஒருமுறையேனும் நேரில் கண்டிராத அந்தக் குருவைப் பற்றி ஊரார் பேசிய பேச்செல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. கிராந்தியே மறுத்துவிட்டார். அந்தப் பதவியை ஏற்றவர் மிஞோன் என்னும் குரு. அவரோ கிராந்தியேயின் பகைவர் கூட்டத்தைச் சேர்ந்தவர். நோயின் அச்சம், அடைபட்ட வாழ்வு, நிறைவேறாத ஆசை, அதைப் பாவம் என்றே எண்ணி வேதனைப்படும் மனம் ஆகிய இவை ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தும் என்பதை அறிந்தவர்கள் மடத்தில் நேர்ந்தவற்றுக்காக அந்தக் கன்னியாஸ்திரீகளை நிந்திக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது சாந்தமும் தனிமையும் பரிவும். கிடைத்ததோ கூட்டம்.

மிஞோனும் ஷினோன் நகரத்துப் பாரே என்ற குருவும் பேயோட்டும் சடங்கைத் தொடங்கினார்கள். பேய் பிடித்ததற்கு அடையாளங்களாகத் திருச்சபையின் 1614-ஆம் ஆண்டுச் சடங்கு நூல் கூறுபவை அறியாத பாஷையைப் பேசுதல், மறைவானதை அறிந்து சொல்லுதல், மனித சக்திக்கு மிஞ்சிய பலம் காட்டுதல் முதலியவை. நியாயாதிபதிகள் இவற்றைச் சோதித்தார்கள். ஒருநாள் நற்கருணையைக் கையில் ஏந்திய பாரே, தலைவியின் உடலில் குடிகொண்டதாகக் கருதப்பட்ட பிசாசை நோக்கி, ‘நீ யாரை ஆராதிக்கிறாய்?’ என்று லத்தீனில் கேட்டார். இரண்டாம் வேற்றுமையில் வரவேண்டிய ஆண்டவர் நாமம் முதல் வேற்றுமையில் வந்தது. இந்தப் பேய்க்கு இலக்கணம் தெரியவில்லையே என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் உரக்கச் சொன்னார். பாரே உடனே, முதல் வேற்றுமையே சரியான விடையாகும்படி கேள்வியைத் திருப்பிக் கேட்டார். இம்முறை விளிவேற்றுமையில் பதில் வந்தது. கற்றுக்கொடுத்த விடையை நினைவிலிருந்து தட்டுத் தடுமாறித் தேடும் ஒரு நோயாளியையே நான் இங்கே காண்கிறேன்.

அதிமேற்றிராணியார் சூர்தி தம் சொந்த வைத்தியரை மடத்துக்கு அனுப்பினார். பேய் பிடித்ததற்கான அடையாளம் எதையும் அவ்வைத்தியர் காணவில்லை. டிசம்பர் மாத இறுதியில் அதிமேற்றிராணியார் பிறப்பித்த உத்தரவு, கன்னியாஸ்திரீகளைத் தனித்தனியே வைத்து, நடுநிலையான வைத்தியர்களைக் கொண்டு பரிசோதிக்க வேண்டுமென்று விதித்தது. உடனே ஆவேசம் அடங்கிற்று. மாதக் கணக்காக மடம் அமைதியாக இருந்தது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியாததற்குக் காரணம் ராஜாங்கம். பிரபுக்களும் பிராடஸ்டண்டுகளும் அடைக்கலம் புகக்கூடிய உள்நாட்டுக் கோட்டைகளை இடித்துத் தள்ளுவது ரிஷெல்யூவின் கொள்கை. லூதுன் கோட்டையை இடிக்க அனுப்பப்பட்டவர் லோபார்தெமோன் என்னும் அதிகாரி. நகரத்துக் கவர்னரின் பக்கம் நின்று, அந்த இடிப்பை எதிர்த்தவர்களில் கிராந்தியே ஒருவர். லோபார்தெமோனோ மடத்துத் தலைவிக்கு உறவினர். 1633 நவம்பர் 30-ஆம் தேதி, கன்னியாஸ்திரீகள்மேல் சூனியத்தால் பேய்களை ஏவினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் கிராந்தியேயைக் கைதுசெய்து விசாரிக்கும் அதிகாரத்தை அவர் அரசரிடமிருந்து பெற்றார். மறு மாதமே குரு சிறைப்பட்டார். பாரிஸ் உயர் நியாயஸ்தலத்துக்கு அப்பீல் செய்யும் வழியும் அடைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் லூதுனின் கோவில்கள் நாடக அரங்குகளாயின. புதிதாக வந்த பேயோட்டும் குருமார், கப்புச்சின் சபையார் உட்பட, திரண்ட ஜனங்களின் முன்னிலையில் கன்னியாஸ்திரீகளைத் துள்ளவும் சுருளவும் வைத்தார்கள். தூரதேசத்துப் பிரயாணிகளும் பார்க்க வந்தார்கள். ஸோமூர் கலாசாலைத் தலைவரும் வைத்தியருமான மார்க் டங்கன், பேய் என்பதற்கு ஆதாரமில்லை, கலங்கிய கற்பனையே காரணம் என்று எழுதினார். அத்தகைய வாயை அடைக்க, கன்னியாஸ்திரீகளையோ குருமாரையோ குறைகூறுவோருக்கு 10,000 லீவ்ர் அபராதம் என்று 1634 ஜூலையில் பறையறிவிக்கப்பட்டது.

இந்த வழக்கின் விஷம் ஒரே ஒரு சித்தாந்தத்தில் இருக்கிறது. முறைப்படி ஆணையிட்டுக் கட்டப்பட்ட பிசாசு உண்மையைச் சொல்லியே தீரும். ஆகவே அதன் வாக்கு நியாயஸ்தலத்தில் சாக்ஷியமாகும் என்பதே அது. பிசாசைப் பொய்க்குத் தகப்பன் என்று வேதமே சொல்லியிருக்க, சோர்போன் தேவசாஸ்திரிகளும் அதன் சாக்ஷியத்தை ஏற்கலாகாதென்று முன்பே தீர்மானித்திருக்க, லூதுனில் அது ஏற்கப்பட்டது. அதன் பலன் அந்த ஜூலை மாதத்திலேயே தெரிந்தது. கிளேர் என்னும் கன்னியாஸ்திரீ, தான் கூறியதெல்லாம் அவதூறு, பிறர் சொல்லிக்கொடுத்தது என்று கோவிலில் அழுதுகொண்டே அறிவித்தாள். தலைவியும், உள்ளாடை ஒன்றை மட்டும் அணிந்து, கழுத்தில் கயிறும் கையில் மெழுகுவர்த்தியுமாக மழையில் நின்று, நிரபராதிக்குத் தீங்கு இழைத்ததாக லோபார்தெமோனிடம் முறையிட்டார். பிறகு தோட்டத்து மரத்தில் அந்தக் கயிற்றைக் கட்டித் தூக்கிட்டுக்கொள்ள முயன்றவரை மற்றவர்கள் தடுத்தார்கள் என்று பழைய சரித்திரம் கூறுகிறது. அதற்குக் கிடைத்த பதில்: தன் அடியானைக் காப்பாற்றப் பிசாசு செய்யும் சூழ்ச்சி இது. குற்றம் சாட்டினால் அது பிசாசின் வாயிலிருந்து வலிந்து பிடுங்கிய உண்மை. மறுத்தால் அதே பிசாசின் பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிறைக் கதவு ஒன்றே. அந்தப் பெண்களும் அதற்குள்தான் அடைபட்டிருந்தார்கள்.

ஆகஸ்டு 18-ஆம் தேதி, சூனியக் குற்றத்துக்காகக் கிராந்தியேயைக் கொளுத்தும்படி தீர்ப்பு வந்தது. அன்றே, உடந்தையாளர்களின் பெயரைச் சொல்லும்படி, கால்களைப் பலகைகளுக்கிடையே வைத்து ஆப்பு அடித்து எலும்புகளை நொறுக்கினார்கள். மாம்ச பலவீனத்தால் தாம் செய்த பாவங்களைக் கிராந்தியே ஒப்புக்கொண்டார். சூனியக்காரன் என்பதை ஒப்பவில்லை. ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. தீ மூட்டுமுன் கழுத்தை நெரித்து வேதனையைக் குறைப்பதாக வாக்களிக்கப்பட்டிருந்தும், அது நடவாமல் அவர் உயிரோடே எரிந்தார். வாழ்நாள் முழுவதும் அகந்தையால் கெட்ட அம்மனிதர் அந்த ஒருநாளில் காட்டிய உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன்.

சூனியக்காரன் சாம்பலான பிறகும் பேய்கள் போகவில்லை. முன்னின்று பேயோட்டிய லக்தான்ஸ் என்ற குரு ஒரு மாதத்துக்குள் சித்தம் கலங்கி இறந்தார். அவ்வாண்டின் முடிவில் வந்த சேசுசபைக் குரு சூரேன், கூச்சலும் கூட்டமும் விடுத்து, ஜெபத்தாலும் மெல்லிய பேச்சாலும் தலைவியைத் தேற்ற முற்பட்டார். தேற்றியவரே நோயுற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மனவேதனையில் கழித்தார். தலைவியின் இடக்கையில் சேசு, மரி, சூசை, பிரான்சிஸ் சலேசியார் என்ற பெயர்கள் தோன்றின. 1638-இல் அவர் பிரான்சு எங்கும் யாத்திரை செய்து, அரசருக்கும் ரிஷெல்யூவுக்கும் அந்தக் கையைக் காட்டினார். அவர் எழுதிவைத்த சுயசரிதை 1886-இல், ஸால்பேத்ரியேர் ஆஸ்பத்திரியின் புகழ்பெற்ற வைத்தியர் ஷார்க்கோவின் முன்னுரையுடன் அச்சாயிற்று. தம்மைப் பற்றிக்கொண்ட ஆவேசத்தில் தமது மனத்தின் சம்மதமும் சிறிது கலந்திருந்ததை அதில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையில் பாதியும் நியாயாதிபதிகளிடம் இல்லை.

கிராந்தியேயைக் கொன்ற பழியை ஹிஸ்டீரியா நோய்மேல் சுமத்துவது பிற்கால நூல்கள் பலவற்றின் பழக்கம். நான் அதை ஏற்கவில்லை. நோய் மடத்தில் இருந்தது; கொலை நியாயாசனத்தில் நடந்தது. அந்த ஆசனத்தில் இருந்த லோபார்தெமோனுக்கு அதனால் ஒரு குறைவும் நேரவில்லை; 1642-இல் ஸேன்மார் பிரபுவின் தலையை வாங்கிய ராஜத்துரோக வழக்கிலும் கர்தினாலின் ஏவலை நிறைவேற்றியவர்களில் அவர் ஒருவர். சூனியத்தை வெறும் பாசாங்கு என்று கூறும் அரசாணை பிரான்சில் பிறந்தது 1682-இல், லூதுன் தீ எரிந்து நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்.