அங்கியைக் கழற்றிக் கொடுத்த மிஷனரி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் திருவனந்தபுரத்து அருமனை அம்மவீடு வரை போய்வந்தோம். திருவிதாங்கூர் மன்னர்களுக்குப் பெண் கொடுத்த குடும்பங்களில் ஒன்று, நம் ஊர்ப் பெயரோடு தலைநகரில் வாழ்ந்த கதை அது. இந்த வாரம் அரண்மனை வாசலை விட்டு, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் தேவாலயங்களுக்கு வருவோம்.

அருமனைப் பக்கம் ஒரு போதகர் ஓய்வு பெறுகிறார் என்றால் சபைக்கு அது ஒரு பண்டிகை. ஆராதனை முடிந்ததும் பொன்னாடை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல், பெண்கள் ஐக்கியத்தின் பரிசு, கடைசியில் அசன விருந்து. கத்தோலிக்கர், மலங்கரைக்காரர் பக்கம் போனால் அச்சன்மாருக்குக் குருத்துவ வெள்ளிவிழா, பொன்விழா. கிறிஸ்துமஸ் விழாவுக்கு அரசியல் தலைவர்களையே வரவழைத்துப் பழகிய ஊர் இது. மேடை போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழ்த்துரை நீண்டு சோறு ஆறிப்போவதும் உண்டுதான். போகட்டும்.

ஆனால் தென் திருவிதாங்கூரில் ஓர் ஊழியருக்குக் கிடைத்த மரியாதைகளில் ஆகப் பெரியது எது என்று கேட்டால், நான் 1816-ஆம் ஆண்டைத்தான் சொல்வேன். அதில் மாலையும் இல்லை, மடலும் இல்லை.

அந்தக் கதை மயிலாடியைச் சேர்ந்த மகராசனிடமிருந்து தொடங்குகிறது. அவர் சாம்பவர் குலத்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தது. அங்கே கோலாஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பியதும் உறவினரிடையே தாமே வேதம் சொல்லத் தொடங்கினார். அவரைப் பார்க்க எந்த மிஷனரியும் அதற்குள் வந்திருக்கவில்லை. இங்கே புராட்டஸ்டன்ட் சபை முளைத்தது வெள்ளைக்காரர் கால் வைத்த பிறகு என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. முதல் விதை போட்டவர் மயிலாடிக்காரர்.

லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே பிறகுதான் வருகிறார். சைலீசியாவில் பிறந்த ஜெர்மானியர். 1804 இறுதியில் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் படித்து, 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மயிலாடியில் கோயில் கட்ட அனுமதி சுலபமாகக் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மெக்காலே இடையிட வேண்டியிருந்தது. நடுவில் வேலுத்தம்பி தளவாயின் கலகம் வேறு. எல்லாம் அடங்கி 1809-இல் மயிலாடியில் கோயில் எழுந்தது.

ரிங்கல்தௌபே ஒரு விசித்திரமான மனிதர். தலையில் வைக்கோல் தொப்பி, உடம்பில் சாதாரணத் துணி. சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் கிராமத்துச் சாப்பாடு சாப்பிட்டார். கோபக்காரரும்கூட, பொருள் ஆதாயத்துக்காக மதம் மாற வருகிறவர்களைப் பற்றிக் கடிதங்களில் கசந்து எழுதியிருக்கிறார். உடம்பு கெட்டு, 1816 தொடக்கத்தில் இங்கிருந்து புறப்பட முடிவு செய்தார்.

போகும் முன் சபையாரைக் கூட்டினார். வேதமாணிக்கத்தின் தலையில் கை வைத்து ஜெபித்து, தம்முடைய அங்கியையே அவருக்கு உடுத்தி, சபைகளின் பொறுப்பை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். தீண்டாமை சட்டம்போல நடந்த நாடு அது. ரெசிடென்ட் கர்னல் மன்றோவே திவானாகவும் இருந்து முடித்திருந்த சமயம். ஒரு சாம்பவர் குலத்தவரின் தோளில் குருவின் அங்கி ஏறியது, அந்தக் காலத்துக்கு அடங்காத காரியம். ரிங்கல்தௌபே சென்னைக்குப் போனபோது, மேல்சட்டைகூட இல்லாமல் கடல் பயணம் புறப்படுகிறாரே என்று பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கொழும்பு, மலாக்கா என்று போனவர் அதன் பிறகு காணாமலே போனார். அவருக்குக் கல்லறை எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

1818-இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்கு வரும்வரை சபைகளைக் கட்டிக்காத்தவர் வேதமாணிக்கம். மிஷனரியே இல்லாமல் சபை நின்றது. லண்டனில் இருந்தவர்கள் இதிலிருந்து கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை என்றே சொல்வேன். மிஷனரிகள் வரிசையாக வந்தார்கள். வேதமாணிக்கம் மறுபடியும் அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர் ஆனார். இங்கே தமிழர்களை முறைப்படி போதகராக அபிஷேகம் செய்ய அந்தச் சங்கத்துக்கு 1866 வரை ஆயிற்று. அங்கி மாறிய நாளிலிருந்து சரியாக 50 ஆண்டு.

அந்த இடைக்காலத்தில் ஊழியம் யார் செய்தது? உபதேசியார்கள். 1828-இல் மீட் நெய்யூருக்கு மாறிய பிறகு மேற்கே, விளவங்கோடு பக்கம் வரை சபைகள் பரவின. ஒரு மிஷனரி அத்தனை ஊருக்கும் நடந்து போக முடியுமா? ஊருக்கு ஊர் உபதேசியார் இருந்தார். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்து, மாலையில் வீடு வீடாக ஜெபம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். குறித்த நாளில் மிஷன் நிலையத்துக்கு நடந்து போய், செய்த வேலையை எழுதிய நாட்குறிப்பை ஒப்புவிப்பார்கள். 1828, 1829-இலும் 1859-இலும், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை ஒட்டித் தோள்சீலைக் கலவரம் மூண்டபோது பள்ளிகளும் ஜெபக்கூடங்களும் தீக்கிரையாயின. அடி வாங்கியவர்களில் இவர்கள் முன்வரிசை. மிஷனரிக்குக் குதிரையும் ரெசிடென்டின் ஆதரவும் உண்டு. உபதேசியாருக்கு அதே ஊரில் மறுநாளும் விடிய வேண்டும்.

இவர்களுக்கு நடந்த ஒரு காரியம் என்னை நெடுநாள் உறுத்தியது. இங்கிலாந்துச் சபைகள் ஆண்டுக்கு 10 பவுன் கொடுத்து ஓர் உபதேசியாரைத் தாங்கும் ஏற்பாடு இருந்தது. பணம் கொடுத்த சபை, தன்னுடைய மூத்த போதகரை மேன்மைப்படுத்த விரும்பினால், அவர் பெயரை இந்த உபதேசியாருக்குச் சூட்டச் சொல்லும். மிஷன் அறிக்கையில் அந்த ஆங்கிலப் பெயர்தான் அச்சாகும். அங்கே ஓர் ஐயருக்கு விழா எடுக்க, இங்கே ஒரு மனிதர் தம் பெயரை விட்டுக்கொடுத்தார். கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரிகிறது. ஆனால் இன்று அந்த அறிக்கைகளைப் புரட்டினால், நம் கொள்ளுத்தாத்தா எந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

வெள்ளையரிலும் எல்லோருக்கும் மரியாதை கிடைத்துவிடவில்லை. மீட் 30 ஆண்டுக்கும் மேல் இங்கே உழைத்தவர். நாகர்கோவிலில் அச்சகம் வைத்தார், பள்ளிகள் திறந்தார், மன்றோவின் ஏற்பாட்டில் சில காலம் நீதிபதியாகக்கூட இருந்தார். 1850-களின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். சக மிஷனரிகளுக்கு அது பொறுக்கவில்லை. சங்கத்தோடு உறவு முறிந்தது. திருவிதாங்கூர் அரசாங்கத்தின் பள்ளிகளை மேற்பார்வை செய்யும் வேலைக்குப் போய், 1873-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். சமத்துவத்தைப் பிரசங்கித்தவர்கள், அது தங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

பின்னாளில் காலம் கொஞ்சம் ஈடு செய்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1956-இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. 1959-இல் கன்னியாகுமரிப் பேராயம் பிறந்து, ஐ.ஆர்.எச். ஞானதாசன் முதல் பேராயரானார். மயிலாடி ஆலயத்தின் பெயரில் ரிங்கல்தௌபேயும் வேதமாணிக்கமும் சேர்ந்தே நிற்கிறார்கள். எனக்குப் பிடித்த பெயர்ப்பலகைகளில் அது ஒன்று.

இனி அருமனை, மேல்புறம், மஞ்சாலுமூடு, கடையாலுமூடு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஷனரிகள் எழுதிய கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. உபதேசியார்கள் எழுதியவை, எஞ்சியிருந்தால், நம் வீட்டு மச்சுகளில்தான் இருக்க வேண்டும். ஒரு நாட்குறிப்பு, ஞானஸ்நானப் பதிவு, மங்கிய ஒரு குழுப்படம், எதுவானாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். படம் எடுத்து, அதில் இருப்பவர்களின் சொந்தப் பெயரை எழுதி, ஒரு பிரதியைச் சபை அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த முறை உங்கள் போதகருக்குப் பொன்னாடை போர்த்தும் மேடையில், அந்த ஆலயத்தில் முதன்முதலாக ஊழியம் செய்த உபதேசியாரின் பெயரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.