டாட்ஜ் எம்37: மீட்டெடுப்பும் மேம்பாடும்

டாட்ஜ் எம்37 அமெரிக்க ராணுவத்துக்காக கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ் பிரிவு 1951 முதல் 1968 வரை தயாரித்த முக்கால் டன் பிக்கப் வண்டி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய டாட்ஜ் டபிள்யூ.சி. வண்டிகளின் நேர்வாரிசு. கொரியப் போரின்போது படையில் சேர்ந்து வியட்நாம் போர் வரை உழைத்தது. எம்43 ஆம்புலன்ஸ், எம்42 கட்டளை வண்டி ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை; எல்லா வகைகளும் சேர்ந்து ஏறத்தாழ 1,15,000 வண்டிகள் வெளிவந்தன. 1958இல் சில திருத்தங்களுடன் எம்37பி1 வந்தது. 1967இல் கைசர் ஜீப் எம்715 வரத் தொடங்கியதும் ராணுவம் இவற்றைப் படிப்படியாகக் கழித்தது. தீயணைப்புப் படைகளும் வனத்துறைகளும் இவற்றைப் பெற்று, பின்பெட்டியில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக் காட்டுத்தீ அணைக்கப் பயன்படுத்தின. மற்றவை ஏலத்தில் விவசாயிகளிடமும் வேட்டைக்காரர்களிடமும் போய்ச் சேர்ந்தன. இன்று மீட்டெடுப்பவர் கைக்கு வருவது பெரும்பாலும் இப்படிப் பல கை மாறிய வண்டிதான்.

வேகம் என்னும் அடிப்படைக் கேள்வி

இந்த வண்டியில் எதை மாற்றலாம், எதை அப்படியே விடலாம் என்பதை முடிவு செய்வது அதன் வேகம். டி245 என்ற பெயருடைய இதன் எஞ்சின் 230 கன அங்குல, அதாவது சுமார் 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். வால்வுகள் மேலே இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய அமைப்பு. கம்ப்ரஷன் குறைவு, ஆகவே மட்டமான பெட்ரோலிலும் ஓடும். நிமிடத்துக்கு 3,200 சுற்றில் 78 குதிரைத்திறன் தரும். இது இழுக்க வேண்டிய வெற்று வண்டியின் எடையே 2.5 டன்னுக்கு மேல்.

குறைந்த திறனை வைத்துக்கொண்டு சேற்றிலும் மேட்டிலும் ஏற வேண்டும் என்பதால் டிஃபரென்ஷியல் விகிதத்தை 5.83 என வைத்தார்கள். டாப் கியரில் போகும்போதும் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் ஏறக்குறைய 6 சுற்று சுற்றியாக வேண்டும். 9.00-16 டயருடன் மணிக்கு 88 கி.மீ. வேகத்தைத் தொட்டால் எஞ்சின் 3,100 சுற்றை எட்டிவிடுகிறது. நீண்ட ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினை மணிக்கணக்கில் அந்தச் சுற்றில் வைத்து விரட்டினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். 70 கி.மீ. வேகத்தில் அதே எஞ்சின் நிதானமாக 2,500 சுற்றுக்குள் ஓடும். கிராமச் சாலைக்கும் பண்ணைக்கும் இது போதுமா, நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து ஓட வேண்டுமா என்பதை முதலில் தீர்மானித்துவிட வேண்டும். தீர்மானிக்காமல் பாகங்களை வாங்கிக் குவித்தவர்களின் வண்டிகள்தான் பாதி பிரித்த நிலையில் கொட்டகைகளில் கிடக்கின்றன.

சக்கரத்தைக் கழற்றுவது

வேலை தொடங்குவது சக்கரத்தில். முதல் சங்கடம் வருவதும் அங்கேதான். எம்37இன் இடதுபக்கச் சக்கரங்களின் நட்டுகள் எதிர்மரை கொண்டவை. வழக்கத்துக்கு மாறாக வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி இடஞ்சுழியாக மிதிப்பவர்கள் நட்டை இன்னும் இறுக்கி, கடைசியில் ஸ்டட்டை முறித்துவிடுகிறார்கள். துருவும் பெயிண்டும் மூடிய நட்டைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, மரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்த பிறகு ஸ்பேனரை வைப்பது நல்லது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. டயரை ரிம்மில் பிடித்து நிறுத்துவது தனியாகக் கழலும் ஒரு எஃகு வளையம். அந்த வளையமோ அது உட்காரும் பள்ளமோ துருவால் அரித்திருந்தால், காற்றடிக்கும்போது வளையம் பெயர்ந்து எதிரே நிற்பவரைக் கொன்றுவிடும் வேகத்தில் பாயும். இந்த வகை ரிம்முக்கு இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட ஹோஸ் கொண்டு, விலகி நின்றுதான் காற்றடிக்க வேண்டும். அன்றாடம் ஓட்டப்போகும் வண்டிக்கு இந்த ரிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே துண்டான ரிம்மும் ரேடியல் டயரும் பொருத்துவதே சரி. பழைய தோற்றத்தைக் காப்பதற்காக இதில் சமரசம் செய்துகொள்ளத் தேவையில்லை.

பிரேக்

நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்கோ ஓரிடத்தில் குழாய் வெடித்தால் பெடல் தரை வரை இறங்கிவிடும். எந்தச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது. ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் சக்கரத்தை அல்ல, புரொப்பல்லர் ஷாஃப்டை. நின்ற வண்டியை நகராமல் வைத்திருக்க அது உதவும். ஓடும் வண்டியை நிறுத்த அதை நம்ப முடியாது.

ஆகவே முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிச் சுற்று தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர்தான் இந்த வண்டிக்குச் செய்யத்தக்க மேம்பாடுகளில் தலையாயது. பழைய சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. சேறும் தண்ணீரும் படும் இடம் என்பதால் அதன் உட்புறம் அரித்திருப்பது சாதாரணம். உலோகக் குழாய்களையும் ரப்பர் ஹோஸ்களையும் பார்த்துப் பார்த்து மாற்றாமல் ஒட்டுமொத்தமாக மாற்றிவிட வேண்டும். முன்பு இருந்தவர் ஊற்றியது சாதாரண கிளைக்கால் எண்ணெயா, சிலிக்கோன் எண்ணெயா என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் வடித்துக் கழுவ வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே கொண்டு, தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

துருவும் உடலும்

சட்டம் தடித்த எஃகு; பெரும்பாலும் தப்பியிருக்கும். அரிப்பு பிடிப்பது கேபின் தரை, கேபினின் கீழ்மூலைகள், கதவின் அடிப்பகுதி, பின்பெட்டியின் தரை ஆகிய இடங்களில். கேபினின் கூரை கான்வாஸ், முன்கண்ணாடி பானட் மேல் மடியும் வகை. எனவே உள்ளே தண்ணீர் இறங்காத வண்டி அரிது. சீட் பெல்ட் முதலில் கிடையாது. அரித்த தரையில் அப்படியே துளை போட்டு மாட்டினால் விபத்தில் தகட்டோடு பிய்ந்து வரும். தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்து, அடியில் கனமான பட்டை வைத்துத்தான் பெல்ட்டைப் பொருத்த வேண்டும். டேஷ்போர்டில் உள்ள கியர் நிலைகளையும் வேக வரம்புகளையும் சொல்லும் தகடுகளை பெயிண்ட் அடிக்கும் முன் கழற்றிப் பத்திரப்படுத்துவது முக்கியம். அந்த வண்டியின் வரலாறு எஞ்சியிருப்பது அவற்றில்தான்.

24 வோல்ட்டா, 12 வோல்ட்டா

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் மின்னமைப்பு ராணுவத் தேவைக்கானது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்ணீர் புகாதபடி மூடப்பட்டது. காயிலும் அதற்குள்ளேயே இருக்கும். பிளக் வயர்களுக்கு உலோக உறை உண்டு. அது ரேடியோவில் இரைச்சல் வராமல் தடுக்கிறது. ஆற்றைக் கடப்பதற்காகச் செய்த இந்த ஏற்பாடு இன்றும் நன்றாக வேலை செய்கிறது. எஞ்சினை மாற்றாதவரை 24 வோல்ட்டைக் கலைக்காமல் விடுவதே என் பரிந்துரை. ஃபோன் சார்ஜருக்காக இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது பரவலான பழக்கம். அதனால் ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி இரண்டுமே கெடும். 24ஐ 12ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வைத்தால் போதும்.

விளக்குகளில் கவனம் தேவை. எதிரி விமானத்தின் கண்ணில் படாமல் ஓட்டுவதற்கான மங்கல் விளக்குகளும் இதே ஸ்விட்சில் இருக்கின்றன. ஸ்விட்ச் அந்த நிலையில் நின்றுவிட்டால் வழக்கமான பிரேக் விளக்கு எரியாது. ஆரம்பகால வண்டிகளில் இண்டிகேட்டரும் இல்லை; சாலையில் ஓட்ட அதைச் சேர்த்தாக வேண்டும்.

எஞ்சின் மாற்றம்

பலருக்கும் முதல் ஆசை இதுதான். வரிசையில் இது கடைசியாக வர வேண்டும். நான்கு சிலிண்டர் கம்மின்ஸ் 4பிடி டீசல் பெரிதும் விரும்பப்படுவது: 3.9 லிட்டர், 105 குதிரைத்திறன், விநியோக வேன்களில் ஓடிப் பேர் வாங்கிய எஞ்சின். ஆனால் அதை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குள் வைத்து ஓட்டினால் 5.83 டிஃபரென்ஷியலோடு வண்டி 70 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. 4.89 விகித கியர் போட்டால் 84 கி.மீ. வரை வரும், அதற்கு மேல் வேண்டுமானால் ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி தேவை. டீசலில் பெட்ரோல் எஞ்சினைப் போல வேக்குவம் கிடைக்காது என்பதால் பிரேக் பூஸ்டருக்குத் தனி பம்ப் வைக்க வேண்டும், அல்லது பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் பூஸ்டர் வைக்க வேண்டும். இப்படி ஒரு மாற்றம் நான்கு மாற்றங்களை இழுத்து வரும். மூல வண்டியின் குணம் மாறாமல் கொஞ்சம் கூடுதல் இழுவை மட்டும் போதும் என்பவர்களுக்கு, 1961 முதல் டாட்ஜ் பவர் வேகனில் வந்த 251 கன அங்குலப் பக்கவால்வு எஞ்சின் நெருங்கிய உறவு.

எந்த வழியில் போனாலும் ராணுவத்தின் டி.எம். 9-8030 கையேடு பக்கத்தில் இருக்க வேண்டும். கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களும் பராமரிப்பு முறையும் அதில் தெளிவாக உள்ளன.

அமெரிக்காவில் அரசிடமிருந்து ஏலத்தில் வந்த வண்டியைத் தனியார் பெயரில் பதிய எஸ்.எஃப்.-97 என்ற சான்றிதழ் ஆதாரமாகிறது. வண்டி பல கை மாறியதில் அது தொலைந்து போயிருப்பது சகஜம். பழமை வண்டி என்று பதிந்தால் சலுகைகள் கிடைக்கும். ஆனால் பல மாநிலங்களில் அந்த எண்தகடோடு அன்றாட வேலைக்கு ஓட்டத் தடை உண்டு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், எஞ்சினையும் பிரேக்கையும் மாற்றும் முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.