வென்றவன் யார்? நிறுத்துபவன் யார்?
குத்துச்சண்டை வரலாற்றில் தீர்ப்பும் ஓய்வும்

புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியவை. உறையூர்த் தித்தன் மகனாகிய இவன், ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றவன். முதல் மூன்று பாடல்களைச் சாத்தந்தையார் பாடினார். பின் மூன்றையும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடினார். 85ஆம் பாடலில் ஒரு செய்தி உண்டு. அவ்வூரும் அந்நாடும் கிள்ளிக்கு உரியவை அல்ல. ஆகவே, வெற்றி அவனுடையதே என்கிறது கூட்டத்தின் ஒரு பகுதி. இல்லை என்கிறது மற்றொரு பகுதி. நக்கண்ணையாரோ தம் இல்லத்துப் பனைமரத்தைப் பொருந்தி நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாற் கண்டதாகக் கூறுகிறார்.

இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் யாரேனும் ஒரு மாணவி எழுந்து, “அம்மா, உண்மையில் வென்றவர் யார்?” என்று கேட்பதுண்டு. எளிதில் விடை கூறத்தக்க வினா அன்று இது. நக்கண்ணையார் அவன்பால் காதல் கொண்டவர். பாடலின் திணை கைக்கிளை. ஊரார்க்கு ஒரு சார்பு. இவர்க்கு மற்றொரு சார்பு. இரண்டும் இல்லாத கண் ஒன்று அக்களத்தில் இருந்ததாகப் பாடல் கூறவில்லை.

அந்தச் சார்பற்ற கண்ணைத் தேடியே இருபதாம் நூற்றாண்டின் தொழில்முறைக் குத்துச்சண்டை வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். நேர்மையற்ற தீர்ப்பு தோற்றவனுக்கு இழைக்கப்படும் தீங்கு என்பது பொதுவான எண்ணம். ஆனால் அவ்வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. தளர்ந்துவரும் வீரனுக்குச் சாதகமாகச் சாயும் தீர்ப்பு, ‘இன்னும் இயலும்’ என்று அவனை நம்பச் செய்து, இறங்கவேண்டிய நாளில் அவனை மேடையிலேயே நிறுத்திவிடுகிறது. இக்கருத்தைச் சில நிகழ்ச்சிகள் வழியாக ஈண்டு ஆராய்வோம்.

நடுவர் தோன்றிய வழி

இங்கிலாந்தில் பழைய வெறுங்கைச் சண்டைகளுக்குக் கால வரையறை இல்லை. ஒருவன் விழுந்தால் ஒரு சுற்று முடிந்தது. எழ இயலாமற் போனால் சண்டை முடிந்தது. தீர்ப்பை உடலே கூறிற்று. 1867இல் குயின்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகள் இதனை மாற்றின. கையுறை கட்டாயமாயிற்று, ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம், இடையே ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவன் எழுவதற்குப் பத்து விநாடி என்று வகுக்கப்பட்டது. பின்னர்ச் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எல்லை வந்தபோது, இருவரும் நின்றபடியே போட்டியை முடிக்கும் நிலை தோன்றியது. அப்போது வென்றவன் இன்னான் என்று கூற வேறொருவர் வேண்டியவரானார். இவ்வாறு உடலிடமிருந்த தீர்ப்பு மனிதர் கைக்கு மாறியது. அதனோடு சார்பும் ஐயமும் உடன் வந்தன.

பதினான்கு விநாடிகள்

1927 செப்டம்பர் 22 அன்று சிகாகோ நகரில் ஜீன் டன்னியும் ஜாக் டெம்ப்சியும் இரண்டாம் முறையாக மோதினர். முந்திய ஆண்டில் டெம்ப்சியை வென்று பட்டம் பெற்றவர் டன்னி. ஏழாம் சுற்றில் டெம்ப்சியின் தொடர்குத்துகளால் அவர் தரையில் வீழ்ந்தார். எதிரியை வீழ்த்தியவர் தமக்கு உரியதல்லாத பொது மூலைக்குச் சென்ற பின்னரே எண்ணத் தொடங்கவேண்டும் என்பது அன்றைய விதி. டெம்ப்சி உடனே செல்லவில்லை. அவர் செல்லும்வரை நடுவர் டேவ் பாரி எண்ணிக்கையைத் தொடங்கவில்லை. ஒன்பது எண்ணும்போது டன்னி எழுந்தார். ஆனால் அவர் தரையில் கிடந்தது ஏறத்தாழப் பதினான்கு விநாடிகள். பத்துச் சுற்று முடிவில் வெற்றி டன்னிக்கே அளிக்கப்பட்டது. ‘நீண்ட எண்ணிக்கை’ என்று பெயர் பெற்ற அந்நிகழ்ச்சி குறித்த வாதம் இன்றும் ஓயவில்லை. விதியை மறந்தவர் டெம்ப்சியே என்பதும், நடுவர் செய்தது விதிப்படியே என்பதும் என் கருத்து.

நம் கவனத்திற்கு உரியது அதன் பின் நிகழ்ந்தது. ஒரு போட்டியோடு டன்னி விலகினார். 1928 ஜூலையில் டாம் ஹீனியை வென்று, பட்டம் கையிலிருக்கும்போதே ஓய்வு பெற்றார். அப்போது அவர்க்கு வயது 31. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழக மாணவரிடையே ஷேக்ஸ்பியரைப் பற்றி உரையாற்றினார். இளமையில் ஒரு குத்துச்சண்டை வீரனைத் தலைவனாக வைத்து நாவல் எழுதிய பெர்னார்ட் ஷா, இவருடைய நெருங்கிய நண்பரானார். சிகாகோப் போட்டியில் டன்னி பெற்ற ஊதியம் ஏறத்தாழப் பத்து லட்சம் டாலர் என்பதையும் மறத்தலாகாது. மேடைக்கு வெளியே ஒரு வாழ்வும் அதற்குரிய பொருளும் உடையவனுக்கே ஓய்வு எளிதாகிறது.

லூயிஸ் இறங்க முயன்ற இரவு

ஜோ லூயிஸ் 1937இல் பட்டம் வென்று, 25 முறை அதனைக் காத்தவர். 1947 டிசம்பர் 5 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜெர்சி ஜோ வால்காட் அவரை இருமுறை தரையில் வீழ்த்தினார். பதினைந்து சுற்றுகள் முடிந்ததும், தீர்ப்புக்குக் காத்திராமல் லூயிஸ் மேடையை விட்டு இறங்க முற்பட்டார், உடனிருந்தோர் தடுத்தனர். மேடையிலேயே நின்று கண்ட நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் வால்காட்டுக்கே வெற்றி என மதிப்பிட்டிருந்தார். கீழே அமர்ந்திருந்த மதிப்பீட்டாளர் இருவரும் லூயிஸுக்கு அளித்தனர். இருவர் கூற்று ஒருவர் கூற்றை வென்றது. அரங்கத்தினர் பலர் கூச்சலிட்டனர்.

தம் உடல் கூறிய தீர்ப்பை லூயிஸ் அன்றே கேட்டிருந்தார் என்றே தோன்றுகிறது. காகிதத்தில் எழுதிய தீர்ப்பு அவரை மீண்டும் மேடையேற்றியது. 1948இல் வால்காட்டைப் பதினோராம் சுற்றில் வீழ்த்தினார். 1949 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார். ஆங்கே கதை முடிந்திருக்கலாம். வரிக்கடன் விடவில்லை. போர்க்காலத்தில் இரு போட்டிகளின் ஊதியத்தைப் படையினர் நலநிதிகளுக்கு வழங்கிய அவரே வரி கட்ட வழியின்றி 1950இல் திரும்பி வந்தார். எசர்ட் சார்லஸிடம் தோற்றார். 1951 அக்டோபரில், 37ஆம் வயதில், ராக்கி மார்சியானோ எட்டாம் சுற்றில் அவரைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளி வீழ்த்தினார். அதன் பின்னும் பொருள் வேண்டி அவர் மல்யுத்தக் காட்சிகளில் இறங்கினார். அவரை வென்ற மார்சியானோ 49 போட்டிகளில் 49 வெற்றியோடு 1956இல் விலகினார். முன்னோர் கதை அவர்க்குப் பாடமாயிற்று போலும்.

மணிலாவில் ஒரு தந்தைமை

வீரனே தன் ஓய்வை முடிவு செய்யட்டும் என்பது பெருந்தன்மையான கூற்று. ஆனால் வலியைப் பொறுத்தலும் விழுந்தபின் எழுதலுமே அவன் கற்ற கல்வி. ‘போதும்’ என்பதை அக்கல்வி கற்பிப்பதில்லை. அச்சொல்லை அவன் பொருட்டு வேறொருவர் கூறவேண்டியுள்ளது.

1975 அக்டோபர் 1 அன்று மணிலாவை அடுத்த கேசான் நகரில் முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் மூன்றாம் முறையாக மோதினர். பதினான்காம் சுற்று முடிந்தபோது பிரேசியரின் ஒரு கண் முற்றிலும் மூடியிருந்தது. மற்றதன் பார்வையும் குன்றியிருந்தது. எஞ்சியது ஒரே சுற்று. பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் போட்டியை நிறுத்திவிட்டார். பிரேசியர் மறுத்து எழ முயன்றார். ஃபட்ச் அவரை அமரச் செய்தார். எதிர்மூலையில் அலியும் தம் ஆற்றலின் எல்லையில் இருந்தார். இன்னும் மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்று முதல் கேட்போர் உண்டு. அந்த மூன்று நிமிடத்தில் ஒரு மனிதனின் கண்ணோ உயிரோ போயிருக்கலாம் என்பதே அதற்கு விடை. மூலையில் நிற்போருள் ஃபட்ச் ஒருவரே தம் வீரனின் வெற்றியைவிட அவனைப் பெரிதாக எண்ணினார் என்று கூறினால் அது மிகை. ஆனால் அவ்வாறு எண்ணியவரை நினைக்கும்போது அவர் பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது.

சென்னை கண்ட அலி

அலிக்கு அத்தகையவர் உரிய காலத்தில் வாய்க்கவில்லை. வாய்த்தவர் சொல் செவியேறவில்லை என்பது இன்னும் பொருந்தும். 1976 ஏப்ரலில் ஜிம்மி யங், செப்டம்பரில் கென் நார்ட்டன் ஆகிய இருவருடனும் அவர் பெற்ற வெற்றிகள் ஐயத்துக்கு உரியவையாயின. நார்ட்டனுடன் யாங்கி மைதானத்தில் நிகழ்ந்த போட்டியில் மதிப்பீட்டாளர் இருவர் 8–7 என்றும், நடுவர் 8–6 என்றும் அலிக்கே வெற்றி அளித்தனர். வென்றவர் நார்ட்டனே என்று கருதியோர் அன்றும் பலர், இன்றும் பலர். நார்ட்டன் கண்ணீரோடு மேடையிறங்கினார்.

1977இல் எர்னி ஷேவர்ஸின் வன்மையான குத்துகளைப் பதினைந்து சுற்றுகள் தாங்கி அலி வென்றார். அதன் பின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் போட்டிகளை அமைத்துவந்த டெடி பிரென்னர், இனி அலிக்கு அங்கு இடமளிப்பதில்லை என அறிவித்தார். நெடுங்காலம் உடனிருந்த மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் பழுதுறுவதைக் காட்டிய ஆய்வறிக்கையை அலிக்கும் அவரைச் சார்ந்தோர்க்கும் அனுப்பினார். விடை வராமையால் விலகினார். ஆக, உரியவர் இருவர் ‘போதும்’ என்றனர். ஆனால் ஏட்டில் எழுதப்பட்டிருந்தவையோ வெற்றிகள். வெற்றி பெற்றுவருபவனிடம் ஓய்வைப் பற்றி எவர் சொல் எடுபடும்?

1978இல் லியான் ஸ்பிங்ஸிடம் தோற்று, அதே ஆண்டில் பட்டத்தை மீட்டு, 1979இல் அலி ஓய்வை அறிவித்தார். 1980இன் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்தார். இடியாப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை என்று பரம்பரை கட்டிக் குத்துச்சண்டை வளர்த்த நகரம் இது. நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் நிகழ்த்திய காட்சிப் போட்டியைப் பற்றி முந்திய தலைமுறையினர் இன்றும் வியந்து பேசுவர். அவர்கள் கண்டது ஓய்வு பெற்றுவிட்ட வீரரை. அந்த அலியாகவே அவர் நின்றிருக்கக் கூடாதா என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, 38ஆம் வயதில், முன்பு தமக்குப் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸை லாஸ் வேகாஸில் அவர் எதிர்த்தார். ஒரு சுற்றையும் அவர் வெல்லவில்லை. தம் ஆசானாக மதித்தவரைக் குத்த மனமின்றி, போட்டியை நிறுத்துமாறு ஹோம்ஸே நடுவரை நோக்கிக் குறிப்புக் காட்டினார். பத்தாம் சுற்றுக்குப் பின்னரே பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்று மூலையிலேயே ஒருவர் மன்றாடியதும் வரலாற்றில் உண்டு. அதுவும் இறுதியன்று. 1981 டிசம்பரில் பஹாமாஸ் தீவில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்ற பின்னரே அலி முற்றாக விலகினார். 1984இல் அவர்க்குப் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. அந்நோய்க்குக் குத்துகள் எந்த அளவு காரணம் என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறுதி ஆண்டுகளின் குத்துகள் அவர்க்கு நன்மை செய்தன என்பார் ஒருவரும் இலர்.

1976இல் தீர்ப்பு மாறியிருந்தால் அலி அன்றே விலகியிருப்பார் என்று நான் வாதிடவில்லை. தோல்வியும் அவரை நிறுத்தவில்லை என்பதை ஸ்பிங்ஸ் போட்டி காட்டுகிறது. நேர்மையான தீர்ப்பும், அன்புடையவரின் தடையும் ஒருங்கே அமையவேண்டும். முன்னது உண்மையைக் கூறும். பின்னது அவ்வுண்மையை ஏற்கச் செய்யும்.

திரும்பி வந்த பதக்கம்

தொழில்முறைப் போட்டி அல்லாத ஒன்றையும் இங்குக் குறிப்பிடவேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்க இளைஞர் ராய் ஜோன்ஸ், தென்கொரிய வீரர் பார்க் சி-ஹுன்னை எல்லா வகையிலும் விஞ்சினார். எண்ணியவர் கணக்கின்படி அவர் இட்ட குத்துகள் 86, பெற்றவை 32. ஆயினும் 3–2 என்னும் கணக்கில் தங்கம் பார்க்கின் சொந்த நாட்டிலேயே தங்கிற்று. ஆமூர்க் களத்தின் அதே சிக்கல்!

ஜோன்ஸ் பின்னர்த் தொழில்முறையில் பல எடைப்பிரிவுகளில் பட்டங்கள் பெற்றார். பார்க்கோ தாம் கேளாமலே பெற்ற அவ்வெற்றியின் பழியை நெடுங்காலம் சுமந்தார். 2023இல் அவர் ஃபுளோரிடாவில் உள்ள ஜோன்ஸின் இல்லத்திற்கே சென்று அத்தங்கப் பதக்கத்தை அவர் கையில் ஒப்படைத்தார். 2025இல் அந்நிகழ்ச்சி உலகிற்குத் தெரியவந்தது. மூன்று மதிப்பீட்டாளர் செய்த பிழையைத் தீர்க்க, அப்பிழையால் வென்றவர்க்கே 35 ஆண்டுகள் ஆயின.

நிறைவாக

மீண்டும் அப்பனைமரத்தடிக்கு வருவோம். ‘வென்றவர் யார்?’ என்று கேட்ட மாணவிக்கு இன்று ஒரு விடை கூறுவேன். நடுவர் என்னும் சொல்லில் நடுவு நிற்றல் உள்ளது. வென்றவன் யார் என்பதை நடுவு நின்றவரே கூறவேண்டும், காதலுடையவர் கூறலாகாது. ஆனால் காதலுடையவர்க்கும் களத்தில் ஒரு கடமை உண்டு. ‘அவன் வென்றான்’ என்று உலகிற்கு உரைப்பது அன்று அது. ‘நீ வென்றது போதும், இறங்கி வா’ என்று அவனிடமே உரைப்பது. நக்கண்ணையார்க்கு அவ்வாறு உரைக்கும் நாள் வந்ததா என்பதை நாம் அறியோம். மணிலாவில் எட்டி ஃபட்சுக்கு வந்தது, அவர் தயங்கவில்லை.