பாட்டின் அடியில் சேகரித்தவர் பெயர்

நா. வானமாமலை தொகுத்து 1964இல் வெளிவந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' நூலில் பல பாட்டுகளின் அடியில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும்: எஸ்.எஸ். போத்தையா. பக்கத்திலேயே இடம்: விளாத்திகுளம் வட்டாரம், அன்றைய நெல்லை மாவட்டம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரியும் மானாவாரிக் கரிசலில் கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த காடுகளில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. தாலாட்டு, ஒப்பாரி, காதல் பாட்டு, வேலைப் பாட்டு எல்லாம் வாய்வழியே வந்தவை. அவற்றைத் தேடி எழுதியெடுத்த போத்தையா அந்த மண்ணுக்காரர். சிவகிரிப் பாட்டுகள் எஸ்.எம். கார்க்கி வழியாக வந்தன. அட்டையில் வானமாமலை பெயர் இருந்தாலும், உள்ளே சேகரித்தவர் உழைப்பு அவரவர் கணக்கிலேயே நிற்கிறது. பாட்டுக்கு முன்னால் யார், எந்தச் சூழலில் பாடுகிறார் என்ற குறிப்பு. பின்னால் வட்டார வழக்குக்குப் பொருள். பாட்டை மட்டும் அச்சிட்டிருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும்.

மென்பொருள் உலகம் ஏறத்தாழ இதே ஏற்பாட்டுக்கு வந்தது 40 ஆண்டுகள் கழித்து, அதுவும் வழக்கு வந்த பிறகு. தனக்குச் சொந்தமான நிரல் லினக்ஸ் என்ற திறந்தமூல இயங்குதளத்தில் கலந்திருப்பதாகச் சொல்லி, எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்டியாக வேண்டிய நெருக்கடி. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2004இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார்: திருத்தம் அனுப்புகிறவர் அதன் அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று பெயரிட்டு, அதைத் தர உரிமை உண்டென்று உறுதி சொல்ல வேண்டும். 2005இல் அவர் உருவாக்கிய 'கிட்' என்ற, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள், எழுதியவரையும் சேர்த்தவரையும் தனித்தனியே பதிகிறது. பிழையைச் சொன்னவருக்கும் சோதித்தவருக்கும்கூட லினக்ஸில் தனி வரி உண்டு. ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் 'கமிட் செய்தி'யும் அந்தப் பாட்டுக் குறிப்பு போலத்தான்: முதலில் ஒருவரிச் சுருக்கம், ஒரு வரி இடைவெளி, பிறகு 'ஏன் இந்த மாற்றம்' என்ற விளக்கம்.

லினக்ஸில் பெயர் காத்தது உரிமையை. வானமாமலை நூலில் காத்தது உழைப்பை.

ஆனாலும் அந்த நூலில் ஒரு குறை மனதை உறுத்துகிறது. சில பாட்டுகளில் 'உதவியவர்' என்று பாடிக்கொடுத்தவர் பெயரும் இருக்கிறது, பலவற்றில் இல்லை. களை வெட்டிக்கொண்டே பாடியவர்கள் ஊர்ப் பெயருக்குள் கரைந்துபோனார்கள். இன்று கரிசல் ஊர்களில் கைப்பேசியில் பாட்டைப் பதிவுசெய்கிறவர்கள், சம்மதம் கேட்டு, பாடியவர் பெயரை முதல் வரியாக எழுதுங்கள். உங்கள் பெயர் அதற்கு அடுத்து வரட்டும்.