என்+1 வினவல் சிக்கல்

நிரலின் பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் ஓ.ஆர்.எம். கருவிகள், தரவுத்தளத்திடம் ஒரே தடவையில் கேட்டு வாங்க வேண்டியதைப் பல நூறு தடவை தனித்தனியாகக் கேட்பதால் செயலி மந்தமாவதே என்+1 வினவல் சிக்கல். ஜாவாவின் ஹைபர்னேட் (2001), ரூபி மொழியில் ரெயில்ஸின் ஆக்டிவ் ரெக்கார்ட் (2004), பைத்தானின் ஜாங்கோ (2005) எதுவும் இதற்கு விலக்கல்ல. எஸ்.க்யூ.எல். எழுதும் வேலையை இக்கருவிகள் ஏற்றுக்கொள்கின்றன, எழுதப்பட்ட எஸ்.க்யூ.எல். நிரலாளரின் கண்ணில் படாமல் போவதும் அதனாலேயே.

வாழப்பாடிப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றின் கிழங்கு வரவுக் கணக்கைக் கற்பனை செய்துகொள்ளலாம். மரவள்ளிக்கு மாவுச்சத்தின் பாயிண்ட் பார்த்து விலை போடுவது சேலம், நாமக்கல் வழக்கம். எனவே லோடு அட்டவணையில் எடையும் பாயிண்டும் இருக்கும். விவசாயியின் பெயரோ வேறோர் அட்டவணையில். 500 லோடுகளைத் திரையில் காட்ட முதல் வினவல் 500 வரிகளையும் கொண்டுவந்துவிடும். பிறகு ஒவ்வொரு வரியிலும் விவசாயியின் பெயரைக் கேட்கும்போது கருவி சத்தமில்லாமல் இன்னொரு வினவலை அனுப்பும். ஒவ்வொரு லோடும் வெவ்வேறு ஆளுடையது என்றால் மொத்தம் 500+1, அதாவது 501. தரவுத்தளக் கணினிக்குப் போய்வர 1 மில்லி விநாடி ஆனால் அரை விநாடி வீண்; 20 மில்லி விநாடி ஆனால் 10 விநாடி.

இதைப் பிடிப்பதுதான் கடினம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு வினவலும் வேகமானது, முதன்மைச் சாவியைக் கொண்டு தேடுவது. இன்டெக்ஸ் சேர்த்தும் பயனில்லை. மைஎஸ்க்யூஎல்லின் மந்த வினவல் பதிவேடு, இயல்பு வரம்பின்படி 10 விநாடியைத் தாண்டியவற்றையே குறிக்கும். 501 சின்ன வினவல்களில் ஒன்றுகூட அதில் சிக்காது. நிரலாளரின் மடிக்கணினியிலோ தரவுத்தளமும் அங்கேயே, சோதனை லோடுகளும் பத்துதான்; அதனால் மந்தம் தெரியாது. ஒரு பக்கத்துக்கு எத்தனை வினவல் போகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சி, பக்கவாரியாக இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வகை வினவலும் மொத்தம் எத்தனை தடவை ஓடியது என்ற எண்ணிக்கையைத் தரும்.

தீர்வு, தேவையானதை முன்கூட்டியே சொல்லிவிடுவது: ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ், ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், பிரிஃபெட்ச் ரிலேட்டட். ஆனால் எல்லாவற்றையும் அட்டவணைகளை இணைக்கும் ஜாயினில் இழுத்தால் வேறு வம்பு. ஒரு விவசாயிக்கு 40 லோடும் 30 பணப்பட்டுவாடாவும் இருந்து இரண்டையும் சேர்த்து இழுத்தால், அவருக்கு மட்டும் 1,200 வரிகள் வரும். ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா வரையறையான ஜே.பி.ஏ.யில் ஓர் உறவை 'ஈகர்' (உடனே கொண்டுவா) என்று குறித்துவிட்டால் ஜாயின் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; ஆனால் அதன் வினவல் மொழியான ஜே.பி.க்யூ.எல்.லில் எழுதிய வினவலில் அந்தக் குறிப்பே என்+1-ஐக் கிளப்பிவிடலாம்.

கணினியைப் பெருக்குவது இதற்கு மாற்று ஆகாது. 2010-இல் சென்னையில் தொடங்கிய வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க், ரெயில்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் கொண்டு வளர்ந்து, பளு கூடியபோது தரவைப் பல தளங்களாகப் பிரித்தது. அப்படிப் பிரிப்பது பளுவைப் பங்கிடுமே தவிர, ஒரு பக்கம் அனுப்பும் 501 வினவல்களில் ஒன்றையும் குறைக்காது. வினவல்களைக் குறைக்க, மாதாந்திரக் கூட்டுத்தொகை போன்ற அறிக்கைகளுக்கு ஓ.ஆர்.எம்.மை விட்டு நேரடியாக எஸ்.க்யூ.எல். எழுதுவதே நல்லது. 2020-இல் வந்த ரெயில்ஸ் 6.1, முன்கூட்டிக் கேட்காத உறவைத் தொட்டால் பிழை காட்டி நிறுத்தும் வசதியைச் சேர்த்தது; அதை நிரலாளர்தான் இயக்கி வைக்க வேண்டும்.